அப்பாவின் ஹெரால்டும் மதினியின் ஒன்பது பவுனும்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து, பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சட்ட யோசனை கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார். பதினொரு பக்கக் கடிதம். அதில் ஏழு பக்கம் ஒரு காரைப் பற்றியது. சட்டக் கேள்வி ஒன்பதாம் பக்கத்தில்தான் மெல்லத் தலைகாட்டுகிறது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய தந்தை 1966இல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான வண்டி, 948 சி.சி. எஞ்சின். தந்தை 1996 வரை ஓட்டினார். பிறகு தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில், தென்னை மட்டைகளுக்கு நடுவே, தார்ப்பாய் மூடிக் கிடந்தது. தந்தை 2009இலும் தாய் 2016இலும் காலமானார்கள். 2021இல் ஓய்வு பெற்ற மறுவாரமே நம் ஆசிரியர் தார்ப்பாயை விலக்கினார்.

ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்த்து, ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். திறந்துவிட்டால் முன்சக்கரத்தின் மீதே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். வலது சக்கரம் தனக்கு, இடது சக்கரம் மனைவிக்கு என்று எழுதியிருக்கிறார். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் அடைத்துக்கொண்டபோது இவர் கம்பியால் குத்தப் போனாராம். குத்தினால் துளை பெரிதாகிவிடும் என்று மனைவி கையிலிருந்து பிடுங்கி, இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் ஊதியே சரி செய்திருக்கிறார். இருக்கைகளுக்கு ரெக்சின் உறை தைத்ததும் அவர்தான், வீட்டிலிருந்த மிதி தையல் இயந்திரத்தில். மூன்று ஊசிகள் உடைந்தன என்பதையும் கணவர் கணக்கில் சேர்த்திருக்கிறார்.

2023இல் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர் துளைகளையும் கிராங்க் ஷாஃப்ட்டையும் கடைந்து, டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிக்கப் பணம் போதவில்லை. இவர் கேட்கவில்லை. மனைவியே ஒரு நாள் பிறந்த வீட்டில் போட்டு அனுப்பிய நகையில் ஒன்பது பவுனை வங்கியில் தன் பெயரில் அடகு வைத்து, மூன்று லட்சம் ரூபாயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அன்று முதல் ஆண்டுதோறும் வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அடகுச் சீட்டு பத்திரமாக இருக்கிறது என்கிறார். எங்கே தெரியுமா, காரின் டேஷ்போர்டு அறையில்.

இப்போது வண்டி ஓடுகிறது. விடியற்காலையில் இருவருமாகப் பாபநாசம் வரை போய் வருகிறார்கள். புகைப்படத்தைப் பார்த்த சென்னை அண்ணன், வண்டிக்குப் பதினைந்து லட்சம் கிடைக்குமாம், எனக்கு மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்கிறார். பெங்களூரில் இருக்கும் மகளோ, அம்மாவின் நகையை வைத்து அப்பாவுக்குப் பொம்மையா என்று பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஆசிரியரின் கேள்விகள் நான்கு. அண்ணன் கேட்பது சரியா? வண்டியை வின்டேஜ் என்று பதிய முடியுமா? திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டுக் கடனை அடைக்கலாமா? தங்கம் விலை ஏறியிருப்பதால் அடகு நகையை விற்றுத் தீர்த்துவிட்டு, ஈடாக வண்டியை மனைவி பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடலாமா?

கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் இரண்டு வரி: ‘இவரை எழுதச் சொன்னதே நான்தான். நகையைப் பற்றி எனக்குக் கவலையில்லை, வண்டிக்குச் சிக்கல் வரக்கூடாது.’

அண்ணாச்சி, உங்களை இப்படியே அழைக்கிறேன். பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்சிக்காரர்களை அப்படித்தான் அழைத்துப் பழக்கம். உங்கள் மனைவி எனக்கு மதினி. அந்த இரண்டு வரியைப் பல முறை படித்தேன். நகையைப் பற்றிக் கவலையில்லை என்று எழுதியவரின் நகையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நாளைக் காலைக்கு ஒரு சொல்.

பாபநாசம் பயணத்தை நிறுத்துங்கள். உங்கள் ஆர்.சி. புத்தகத்தை இராமபாணப் பூச்சி அரித்ததுபோக மிஞ்சிய பக்கங்களின் நகலைப் பார்த்தேன். கடைசிப் புதுப்பிப்பு எப்போதோ காலாவதியாகிவிட்டது. காப்பீடு என்ற சொல்லே பதினொரு பக்கத்தில் இல்லை. பதிவு உயிரோடு இல்லாத வண்டியை ஓட்டினால் முதல் முறை அபராதம் 5,000 ரூபாய் வரை போகும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாவிட்டால் 2,000 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்தத் தொகைகள் பெரிதல்ல. முக்கூடலிலிருந்து பால் கேனோடு வரும் ஒருவர் உங்கள் முன்சக்கரத்தில் விழுந்தால் வருவதுதான் பெரிது. காப்பீடு இருந்தால் அந்த இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். இல்லாவிட்டால் நீங்கள் கொடுக்க வேண்டும், கொடுக்க முடியாவிட்டால் வீட்டை ஜப்தி செய்து வாங்குவார்கள். காலை ஐந்தரை மணிக்குச் சாலையில் யாரும் இருப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விபத்து வழக்குகளில் பாதிப் பேர் இந்த வாக்கியத்தோடுதான் என்னிடம் வருகிறார்கள்.

வண்டி யாருடையது

‘ஐந்து லட்சம் செலவு செய்து உயிர் கொடுத்தது நான். அண்ணன் ஒரு போல்ட் முடுக்கியதில்லை. தங்கைக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாகிவிட்டது.’ உங்கள் கடிதத்தின் எட்டாம் பக்கம் இது. மூன்று வாக்கியத்தில் இரண்டு உண்மை. ஆனால் மூன்றுமே உங்களுக்கு வண்டியைத் தராது.

உங்கள் தந்தை சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் எழுதவில்லை. அப்படியானால் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி 2009இல் உங்கள் தாய்க்கும் மூன்று பிள்ளைகளுக்கும் நான்கில் ஒரு பங்கு வீதம் போயிற்று. நிலத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் அல்ல, காருக்கும் கட்டிலுக்கும் இதே கணக்குத்தான். தாய் 2016இல் உயில் இல்லாமல் காலமானதால் அவருடைய கால் பங்கும் மூவருக்குச் சமமாக இறங்கியது. ஆக இன்று ஆளுக்கு மூன்றில் ஒன்று. தங்கையின் சீர் இந்தக் கணக்கில் வராது. மகளுக்குப் பங்கு என்பது 2005இல் வந்த புதுச் சட்டம் என்று நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். அது பூர்வீகக் கூட்டுச் சொத்தைப் பற்றியது. தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1956லிருந்தே இருக்கிறது. உங்கள் தங்கை ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காததால் உரிமை இல்லை என்று ஆகிவிடாது.

சரி, அண்ணன் கேட்கும் ஐந்து லட்சம் நியாயமா? அதுவும் இல்லை. உங்கள் தந்தை விட்டுச் சென்றது பதினைந்து லட்ச ரூபாய் காரை அல்ல. எலி கூடு கட்டிய எஞ்சினும் அடித்தட்டு துருப்பிடித்த கூடுமாகக் கிடந்ததைத்தான் விட்டுச் சென்றார். உடன்பங்காளி ஒருவர் தன் பணத்தைப் போட்டுப் பொருளைக் காப்பாற்றியிருந்தால், பங்கு பிரிக்கும்போது அந்தச் செலவை நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். அதற்கு ரசீது வேண்டும். எஞ்சின் கடைசல் பட்டறை, பெயின்ட் கடை, இங்கிலாந்திலிருந்து வரவழைத்த கேஸ்கெட் செட், எல்லாவற்றின் ரசீதையும் தேதி வாரியாக ஒட்டி வையுங்கள். தார்ப்பாயை எடுத்த அன்று மகள் எடுத்த புகைப்படங்கள் இருப்பதாகச் சொல்கிறீர்களே, அவை எல்லா ரசீதையும்விடப் பெரிய சாட்சி.

‘இத்தனை ஆண்டு கழித்து அண்ணன் கேட்க முடியுமா, காலாவதி ஆகவில்லையா’ என்று ஒரு நண்பர் உங்களுக்கு யோசனை சொல்லியிருக்கிறார். வாதாடிப் பார்க்கலாம். ஆனால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உங்களுக்கு வேண்டியது வாதம் அல்ல, அண்ணனின் கையெழுத்து. இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31 கொடுக்க வேண்டும். இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள், தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் வட்டாட்சியரின் வாரிசுச் சான்றிதழும், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று கொடுக்கும் உறுதிமொழியும் இல்லாமல் கோப்பு நகராது. ஆகவே அண்ணனை எதிர்த்து நின்று வண்டியைப் பதிய வழியில்லை.

என் யோசனை: சாய்ப்பில் கிடந்த நிலையில் வண்டிக்கு என்ன விலை என்று இரண்டு பழைய கார் மெக்கானிக்குகளிடம் எழுதி வாங்குங்கள். அதில் மூன்றில் ஒன்றை அண்ணனுக்கும், அதே அளவைத் தங்கைக்கும் கொடுங்கள், அவர் வேண்டாம் என்றாலும் முதலில் நீட்டுங்கள். இருவரும் தங்கள் பங்கை உங்களுக்கு விட்டுக்கொடுத்ததாக முத்திரைத் தாளில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்திடட்டும். அசையும் பொருள் என்பதால் பத்திரப் பதிவு கட்டாயம் இல்லை. அண்ணன் குடும்பத் திருமணங்களுக்கு வண்டி வரும் என்று ஒரு வரியை நீங்களாகவே சேருங்கள். அவர் அந்தக் காரில்தான் கல்லூரியில் சேரப் போனார் என்று நான்காம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வின்டேஜ் என்றால்

முதலில் பயத்தைப் போக்குகிறேன். பதினைந்து ஆண்டு தாண்டிய கார்களை எல்லாம் அரசு உடைத்துவிடும் என்று யாரோ சொல்லி, மதினி இரண்டு நாள் தூங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். டெல்லி வட்டாரத்துக்கென்று பிறந்த தனிக் கட்டுப்பாடு அது, நம் ஊருக்கு வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 41ஆம் பிரிவுப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு வண்டி தகுதியாக இருந்தால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

வின்டேஜ் பதிவு என்பது வேறு கதை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு உரியது. சேஸிஸ் என்னும் அடிச்சட்டம், உடல் கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் பிறந்த வடிவிலேயே இருக்க வேண்டும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், ஆகவே அப்பாவின் எண் பலகைக்கு ஆபத்தில்லை.

இதுவரை படித்தால் நீங்கள் நாளைக்கே விண்ணப்பிப்பீர்கள். அடுத்த வரியையும் படியுங்கள். வின்டேஜ் என்று பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், தொழில்நுட்ப ஆய்வு, அவற்றுக்குப் போய் வருவது, எரிபொருள் நிரப்புவது, பராமரிப்பு, அவ்வளவுதான். நெல்லையப்பர் தேர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனித் திருவிழாவுக்குத்தான் நிலையிலிருந்து புறப்படும், அதில் ஏறி யாரும் சந்தைக்குப் போவதில்லை.

உங்களுக்கோ வாரத்தில் மூன்று நாள் பாபநாசம், மாதத்தில் ஒரு நாள் தென்காசித் தங்கை வீடு. மதினிக்கு அந்தப் பயணம்தான் வண்டி, கண்காட்சி அல்ல. இந்த வாழ்க்கைக்கு வின்டேஜ் பதிவு பொருந்தாது. சாதாரணப் புதுப்பிப்புக்குப் போங்கள். வாரிசுப் பெயர் மாற்றம் ஆனதும் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆய்வாளரிடம் காட்ட வேண்டும். இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் இரட்டிப்பாகி 10,000 ரூபாய் ஆகிவிட்டது, பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. அதற்கும் முன்னால், பழைய பேரேட்டில் இருக்கும் உங்கள் பதிவைக் கணினியில் ஏற்ற வேண்டியிருக்கும். பி ரெஜிஸ்டர், அதாவது அலுவலகத்தில் உள்ள உங்கள் வண்டியின் பதிவுப் பேரேட்டின் நகல் கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள், வரி நிலுவை உண்டா என்பதையும் அதிலேயே கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி இரண்டு முறை நடக்காதீர்கள்.

நெல்லை மெக்கானிக் ஒருவர், ‘இந்த எஞ்சின் உங்களைக் கெடுத்துவிடும், மாருதி எஞ்சின் போட்டுத் தருகிறேன்’ என்றாராம். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளதும் மாறினால் 52ஆம் பிரிவில் சிக்குவீர்கள். பிற்காலத்தில் வின்டேஜ் பதிவுக்குப் போகும் கதவும் அன்றோடு மூடிக்கொள்ளும். வேண்டாம்.

மாப்பிள்ளை அழைப்பு

ஒரு முகூர்த்தத்துக்கு எட்டாயிரம் தருவதாகத் திருநெல்வேலி டவுனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார், ஆண்டுக்கு இருபது முகூர்த்தம் கிடைத்தாலும் கடன் தீரும் என்று பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கணக்கு சரி. ஆனால் சொந்த உபயோகத்துக்குப் பதிந்த காரை வாடகைக்கு விடப் பர்மிட் கிடையாது. உங்கள் காப்பீட்டு ஒப்பந்தமும் வாடகைப் பயன்பாட்டை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். ஊர்வலத்தில் பட்டாசுக்கு மிரண்டு யாரோ வண்டிமுன் விழுந்தார் என்று வையுங்கள். காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுக்கும்படி நீதிமன்றம் சொல்லலாம், பிறகு ஒப்பந்தத்தை மீறிய உங்களிடம் அதை வசூலித்துக்கொள்ளச் சொல்லும். நண்பர் வீட்டுத் திருமணத்துக்குச் சும்மா எடுத்துப் போங்கள், வெற்றிலை பாக்கோடு திரும்பி வாருங்கள். பணம் வாங்காதீர்கள்.

ஒன்பது பவுன்

இனி நான் எழுத வந்த விஷயம்.

அந்த நகை உங்கள் குடும்பச் சொத்து அல்ல. பிறந்த வீட்டில் போட்டு அனுப்பியது ஸ்ரீதனம், மதினியின் தனிச் சொத்து. கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வதால் அது பொதுச் சொத்தாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொன்னது. 2024 ஏப்ரலில் கேரளத்திலிருந்து போன 89 பவுன் வழக்கிலும் அதையே திரும்பச் சொன்னது: நெருக்கடியில் கணவர் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் தார்மீகக் கடமை அவருக்கு உண்டு. அந்த வழக்குகள் பிரிந்த தம்பதியுடையவை, உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மதினி மனமுவந்து கொடுத்தார், நீங்கள் கேட்கக்கூட இல்லை. அதனாலேயே சொல்கிறேன். சண்டை போடும் மனைவிக்கு வக்கீல் இருப்பார். வண்டிக்குச் சிக்கல் வரக்கூடாது என்று எழுதும் மனைவிக்கு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நகையை விற்றுவிடலாம் என்ற யோசனையை முதலில் கைவிடுங்கள். 2023இல் அந்த ஒன்பது பவுனுக்கு மூன்று லட்சம் கடன் கிடைத்தது. அதன்பின் தங்கம் விலை ஏறியது மதினியின் லாபம், உங்கள் எஞ்சினின் லாபம் அல்ல. விற்று, வங்கிக் கடனைத் தீர்த்து, மிச்சத்தில் கியர்பாக்ஸ் பார்க்கலாம் என்கிறீர்களே, நீங்கள் விற்பது நகையை மட்டுமா? மூன்று லட்சம் வாங்கினேன், மூன்று லட்சம் தருவேன் என்ற கணக்கும் இங்கே செல்லாது. நம் பாட்டிமார் பவுனாக வாங்கினால் பவுனாகத் திருப்பித் தா என்பார்கள். இன்று ஒன்பது பவுன் திரும்ப வாங்க என்ன ஆகும் என்று தென்காசிப் போகிற வழியில் ஒரு நகைக் கடையில் ஏறி இறங்கிக் கேளுங்கள்.

அடகு மதினி பெயரில் இருப்பதையும் கவனியுங்கள். வட்டி தவறினால் நோட்டீஸ் வருவது அவருக்கு, கடன் வரலாற்றில் கறை விழுவது அவருக்கு, ஏலம் போவது அவர் கழுத்தில் கிடந்தது. வண்டியில் சேர்ந்து போகிறவர் இருவர், கடனில் நிற்பவர் ஒருவர்.

ஈடாக வண்டியை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட மனது நல்ல மனது. ஆனால் விபத்து நடந்தால், பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஸ்டீயரிங் பிடிப்பது நீங்கள், நீதிமன்றத்தில் நிற்பது மதினி என்றாகும். தங்கத்தை வாங்கிக்கொண்டு பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது ஈடாகாது. போதாக்குறைக்கு, அண்ணனின் பங்கு தீராதவரை கொடுப்பதற்கு உங்கள் கையில் இருப்பது மூன்றில் ஒரு கார்.

அப்படியானால் என்ன செய்வது? வண்டி உங்கள் பெயரிலேயே வரட்டும். பெயர் மாற்றும்போதே மதினியை நாமினியாகக் குறிக்கச் சொல்லுங்கள், 2021லிருந்து ஆர்.சி.யில் அதற்கு இடம் இருக்கிறது. உங்களுக்குப் பிறகு அலுவலகத்தில் பெயர் மாற்றுவது அவருக்குச் சுலபமாகும். ஆனால் நாமினி என்பது வாங்கி வைத்துக்கொள்ளும் கைதான், உரிமை அல்ல. வண்டி அவருக்கே என்றால் உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாளில் எழுதினாலும் செல்லும், நீங்கள் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து அவர்களும் கையெழுத்திட வேண்டும். மகளைச் சாட்சியாகப் போடாதீர்கள், வெளியாட்களாக இருக்கட்டும்.

கடனுக்கு ஒரு தனிக் காகிதம். ‘என் மனைவியின் ஸ்ரீதன நகை ஒன்பது பவுன், இன்னின்ன உருப்படிகள், இத்தனை கிராம், என் காரைச் செப்பனிட அவர் பெயரில் அடகு வைக்கப்பட்டது. அதை மீட்டுத் தருவது என் பொறுப்பு. மீட்காமல் நான் இறந்தால் என் பணத்திலிருந்து அது முதலில் மீட்கப்பட வேண்டும்.’ இவ்வளவுதான். உயிலிலும் இதே வரியைச் சேருங்கள். உங்கள் ஓய்வூதியத்திலிருந்து மாதம் ஒரு தொகையை நேராக அந்த அடகுக் கணக்கில் அசலுக்கு வரவு வையுங்கள். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் நகை வங்கியிலேயே வயதாகும். கியர்பாக்ஸ் ஓராண்டு பொறுக்கட்டும். மூன்றாம் கியரில் கொஞ்சம் உறுமுகிறது என்றுதானே எழுதியிருக்கிறீர்கள், உறுமட்டும்.

மதினி இதற்கு ஒப்ப மாட்டார், ‘புருஷன் பெண்டாட்டிக்குள் பத்திரமா’ என்பார் என்று எனக்குத் தெரியும். மதினி, உங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் காகிதம் அண்ணாச்சியை நம்பாததால் எழுதுவது அல்ல. அவர் திடீரென்று இல்லாமல் போனால், அந்த ஒன்பது பவுன் எதற்குப் போனது என்று அண்ணனுக்கும் மகளுக்கும் நீங்கள் அழுதுகொண்டே விளக்க வேண்டிய நிலை வரக்கூடாது என்பதற்காக. முன்சக்கரத்தில் உட்கார்ந்து ஜெட் ஊதியவர் நீங்கள் என்பதற்கும் இந்த வீட்டில் வேறு எழுத்து கிடையாது. மகளின் கோபத்துக்கு வருகிறேன். நகை அவளுடையது அல்ல, அதை என்ன செய்வது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு மட்டுமே. ஆனால் அவள் பயம் முழுக்கத் தப்பும் அல்ல. கையெழுத்தான காகிதத்தின் நகல் ஒன்றை அவளுக்கு அனுப்புங்கள். அடுத்த முறை அவள் வரும்போது வண்டியைப் பார்க்கும் பார்வை மாறக்கூடும்.

காப்பீட்டில் ஒரு சிறு விஷயம். மூன்றாம் நபர் காப்பீட்டோடு நின்றுவிடாமல், வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுப்பதானால், இத்தனை பழைய வண்டிக்கு மதிப்பு இவ்வளவு என்று உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே பேசித்தான் முடிவாகும். ரசீதுக் கட்டையும் புகைப்படத்தையும் அங்கேயும் கொண்டுபோங்கள். சொல்லாவிட்டால் பழைய இரும்பு விலையில் போட்டுவிடுவார்கள்.

வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்கள்: காகிதமும் உயிலும் இந்த வாரம், ஏனென்றால் அதற்கு அண்ணன், தங்கையின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். பிறகு சென்னைக்கு ரயில் ஏறி அண்ணனை நேரில் பாருங்கள், போனில் பேச வேண்டாம். அதன்பின் வாரிசுச் சான்றிதழ், காப்பீடு, படிவம் 31, படிவம் 25. ஆறேழு மாதம் ஆகலாம். அதுவரை வாரம் ஒரு முறை சாய்ப்பிலேயே எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு.

இதற்கெல்லாம் முன்னால், இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் அந்த டேஷ்போர்டு அறையைத் திறந்து அடகுச் சீட்டை எடுங்கள். மழைக்கு முன்கண்ணாடி ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது என்று ஆறாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சீட்டை மதினியின் பீரோவில் வைத்து, சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.